கடல் கடந்த கைகுலுக்கலும் கால்வாய் கடக்காத உறவும்

ஒருகொடவத்தை என்றதும் கொழும்பை அறிந்தவர்களுக்கு ஞாபகம் வருவது கொள்கலன்கள்தான். துறைமுகத்தில் இறங்கிய பொருட்கள் சுங்கத்தின் பரிசோதனைக்காகக் காத்துக் கிடக்கும் முற்றங்கள், வரிசையாக நிற்கும் பார ஊர்திகள், எந்நேரமும் அடங்காத தூசி. பேஸ்லைன் வீதி வடக்கு நோக்கி வந்து களனிப் பாலத்தை நெருங்கும் இவ்விடத்திலிருந்தே அவிசாவளைக்குச் செல்லும் கீழ்ப்பாதை கிழக்கே பிரிகின்றது. உலகத்தின் பெருந்துறைமுகங்களின் பெயர்களையெல்லாம் இங்கு அடுக்கப்பட்டிருக்கும் பெட்டிகளின் பக்கங்களில் வாசித்துவிடலாம்.

ஆனால் இவ்விடத்தின் இன்னொரு இயல்பை வழிப்போக்கர்கள் கவனிப்பதில்லை. இது ஓர் எல்லை. ஒருபுறம் கொழும்பு மாநகரசபை; மறுபுறம் கொலன்னாவை நகரசபை; களனி கங்கையைக் கடந்தால் பேலியகொடை நகரசபை, அத்துடன் கம்பஹா மாவட்டமும் தொடங்கிவிடும். கால் மணி நேர நடையில் மூன்று உள்ளூராட்சி மன்றங்களின் ஆட்சிக்குள் ஒருவர் புகுந்து வெளியேறிவிடலாம். எந்த இடத்தில் எது முடிந்து எது தொடங்குகின்றது என்பதைச் சொல்ல அங்கே பெரிய அடையாளம் எதுவுமில்லை. வரி செலுத்துபவருக்கும் குப்பை அள்ளுபவருக்கும் மட்டும் அது தெரியும்.

நாடுகளின் எல்லைகளைக் கடந்து நகரங்களும் மாகாணங்களும் நேரடியாக ஒத்துழைத்தால்தான் நிலைபேறான அபிவிருத்தி கைகூடும் என்ற கருத்து கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளாகச் சர்வதேச மாநாடுகளில் ஓயாது ஒலித்து வருகின்றது. அக்கருத்தின் வரலாற்றை ஒருகொடவத்தையில் நின்றுகொண்டு பார்த்தால் எப்படித் தோன்றும் என்பதை எழுதவே இக்கட்டுரை.

கொழும்பு மாநகரசபை 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தினால் உருவானது. மறு ஆண்டிலேயே அது இயங்கத் தொடங்கிவிட்டது. தெருவிளக்கு, வடிகால், சந்தை என்று உள்ளூர் விடயங்களுக்காக உண்டாக்கப்பட்ட அந்தச் சபையைக் கடலுக்கு அப்பால் பார்க்க வைத்தது எந்த இலட்சியமுமல்ல, எலிதான். 1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொழும்பில் கொள்ளைநோய் தோன்றியது. செட்டியார் தெருவிலும் புறக்கோட்டையிலும் அரிசிக் கிட்டங்கிகள் நெருக்கமாக இருந்த காலம் அது. பர்மாவிலும் இந்தியாவிலும் மூடை ஏற்றிய கப்பல்களில் எலிகளும் வந்திறங்கின என்பது அப்போதைய கணிப்பு. தானியத்தை எலி புகாத கட்டடங்களில் ஓரிடத்தில் குவித்து வைப்பதற்காகவே, ஆளுநர் சாமர்ஸ் பெயரைத் தாங்கிய களஞ்சியங்கள் புறக்கோட்டையில் எழுந்தன. பழைய கொழும்பு வாசிகள் பலர் அப்பெயரைச் சொல்லக் கேட்டிருப்பார்கள். அது எலிக்கு எதிராகக் கட்டப்பட்டது என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவார்களோ தெரியாது.

இக்கதையில் பலரும் மறந்துவிட்ட ஒருவர் இருக்கின்றார். ஃபேபியன் ஹேர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர், கொழும்பு மாநகரசபையின் நுண்ணுயிரியல் நிபுணராகப் பணியாற்றியவர். எலியின் உடலிலிருக்கும் தெள்ளுகளை அவர் பொறுமையாக வகை பிரித்துப் பார்த்தார். எல்லாத் தெள்ளும் ஒன்றல்ல என்று கண்டார். ஒருவகைத் தெள்ளு நோயை வேகமாகப் பரப்பியது. கொழும்பிலும் சென்னையிலும் அதிகமாகக் காணப்பட்ட மற்றொரு வகையோ அதில் மந்தமானது. பம்பாயைச் சூறையாடிய கொள்ளைநோய் சென்னையை ஏன் பெரும்பாலும் விட்டுவைத்தது என்ற நீண்டகாலப் புதிருக்கு இதில் விடை இருந்தது. கொழும்பில் அவர் கண்டதும் சென்னையிலும் இந்தியாவின் பிற நகரங்களிலும் தெள்ளுகளை எண்ணியவர்கள் கண்டதும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. நகரங்கள் தமக்குள் அறிவைப் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்று இன்று செயலமர்வுகளில் போதிக்கின்றார்களே, அதை எந்த உடன்படிக்கையும் இல்லாமல் ஒரு மாநகரசபை ஊழியர் நூறு ஆண்டுகளுக்கு முன்னரே செய்து முடித்திருந்தார். கொள்ளைநோய் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1953இல் வெளிவந்தது.

அதே நோயச்சத்திற்கு ஒரு கறுத்த பக்கமும் உண்டு. இராமேஸ்வரத்தை நோக்கிய கரையில், மண்டபத்தில், இலங்கை அரசு ஒரு தடுப்புமுகாமை நடத்தியது. இந்திய மண்ணில் இலங்கையின் நிர்வாகம்! தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்கள் அங்கே தடுத்து வைக்கப்பட்டு, மருந்து தெளிக்கப்பட்டு, நாட்கணக்கில் காத்திருந்த பின்னரே கப்பலேற்றப்பட்டனர். இரு அரசுகளும் எல்லை கடந்து எவ்வளவு நேர்த்தியாக ஒத்துழைத்திருக்கின்றன பாருங்கள். அதன் விலையைக் கொடுத்தவர்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. பிற்காலத்தில் இலங்கையிலிருந்து உயிர் தப்பிச் சென்ற அகதிகளும் அதே மண்டபத்தில்தான் தங்க வைக்கப்பட்டார்கள் என்பதை இங்கு சொல்லாமல் விடமுடியவில்லை.

எலியைத் தொடர்ந்து வந்தவர் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர். நகரத் திட்டமிடலின் முன்னோடிகளில் ஒருவரான பட்ரிக் கெடிஸ் 1914இல் சென்னைக்குப் பயணமானார். அவர் தம்முடன் காட்சிப்படுத்த நினைத்த நகரங்களின் வரைபடங்களும் படங்களும் வேறொரு கப்பலில் வந்தன. அந்தக் கப்பலை இந்து சமுத்திரத்தில் மூழ்கடித்தது எது தெரியுமா? சென்னைக் கோட்டைப் பக்கம் குண்டு வீசிவிட்டுப் போன அதே எம்டன்! கெட்டிக்காரனை ‘அவன் பெரிய எம்டன்’ என்று இன்றும் சொல்கின்றோம். அந்த எம்டன் நகரத் திட்டமிடலுக்கும் ஒரு குண்டு வைத்திருந்தான் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். கெடிஸ் சோர்ந்துவிடவில்லை. நண்பர்கள் புதிதாகச் சேர்த்தனுப்பிய படங்களைக் கொண்டு 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். பின்னர் மதுரை, கோயம்புத்தூர், காஞ்சிபுரம் முதலான ஊர்களைச் சுற்றி அறிக்கைகள் எழுதினார். தெருக்களை இடித்து அகலமாக்குவதே முன்னேற்றம் என்றிருந்த பொறியியலாளர்களோடு அவர் மோதினார். கோவில் நகரங்களின் அமைப்பில் ஓர் அறிவு இருக்கின்றது, அதைக் கெடுக்காமல் குறைந்த அளவு அறுவைச் சிகிச்சையோடு திருத்தவேண்டும் என்று வாதாடினார். 1921இல் அவர் கொழும்புக்கும் வந்து, நகரத்துக்கான ஆரம்ப அறிக்கையொன்றை எழுதினார்.

கெடிஸ் வலியுறுத்திய அடிப்படைக் கருத்து ஒன்று உண்டு. நகரம் என்பதை அதன் மாநகர எல்லைக்குள் வைத்துப் பார்க்கக்கூடாது. மலையுச்சியில் தொடங்கிக் கடலில் முடியும் ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரே உடலாகப் பார்க்க வேண்டும் என்பது அது. கொழும்பைப் பொறுத்தவரை அந்த உடல் களனி கங்கை. சிவனொளிபாத மலைச்சாரலில் பிறந்து, தேயிலைத் தோட்டங்களுக்கூடாக இறங்கி, மத்திய, சப்ரகமுவ, மேல் என மூன்று மாகாணங்களைத் தொட்டு, ஒருகொடவத்தையைத் தாண்டி முகத்துவாரத்தில் கடலில் கலக்கின்றது. கொழும்பு குடிக்கும் தண்ணீரின் பெரும்பகுதி அம்பத்தலையில் அந்த ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகின்றது. அந்தப் பள்ளத்தாக்கை ஒரே மேசையில் அமர்த்தும் சபையை நாம் இன்றுவரை உருவாக்கவில்லை. அதற்குப் பின்னர் வருகின்றேன்.

நகரங்களின் உலகளாவிய இயக்கமும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் கருக்கொண்டது. 1913இல் பெல்ஜியத்தின் கென்ற் நகரில் உள்ளூராட்சி மன்றங்களின் சர்வதேசச் சங்கம் தோன்றியது. இரண்டாம் உலகப் போரின் நடுவே குண்டுவீச்சில் நொறுங்கிய இங்கிலாந்தின் கொவன்றி நகரப் பெண்கள் 830 பேர், தம் பெயர்களைப் பின்னல்வேலையால் பொறித்த ஒரு மேசைவிரிப்பை ஸ்டாலின்கிராட் மக்களுக்கு அனுப்பினார்கள். 1944இல் அவ்விரு நகரங்களும் சகோதர நகரங்களாயின. அரசுகள் நம்பாத இடத்தில் நகரங்கள் நம்பின என்று இதைச் சொல்வார்கள். அது முழு உண்மையல்ல. அப்போது பிரிட்டனும் சோவியத்தும் நேச நாடுகள். பனிப்போர் தொடங்கிய பின்னரும் அந்த உறவு அறாமல் நின்றதே அதன் பெருமை.

ஆசியாவில் இது ஜப்பானிலிருந்து வந்தது. 1982இல் யொக்கஹாமாவில் ஆசிய பசுபிக் உள்ளூராட்சி மன்றங்கள் கூடின. அதன் தொடர்ச்சியாக 1987இல் சிற்றிநெற் என்ற நகரங்களின் வலையமைப்பு பிறந்தது. 1990இல் சுற்றாடலுக்கான உள்ளூராட்சி மன்றங்களின் அமைப்பு நியூயோர்க்கில் உருவானது. 1992 றியோ மாநாட்டின் நிகழ்ச்சி நிரல் 21, அதன் 28ஆவது அத்தியாயத்தில் உள்ளூராட்சி மன்றங்களுக்கு ஒரு தனி இடத்தைக் கொடுத்தது. சுற்றாடல் பிரச்சினைகள் பலவற்றின் வேரும் தீர்வும் உள்ளூரில்தான் இருக்கின்றன என்பதே அதன் சாரம். ஐ.நா.வின் நிலைபேறான நகரங்கள் செயற்றிட்டம் 1990களில் கொழும்புக்கும் வந்து, அண்டை மாநகரசபைகளை ஒன்றாக அமர்த்திக் கழிவு பற்றியும் வடிகால் பற்றியும் பேசவைக்க முயன்றது.

சகோதர நகர ஒப்பந்தங்களும் வந்தன. 1997இல் சென் பீற்றர்ஸ்பேர்க், 2003இல் ஷாங்காய். இத்தகைய வைபவங்கள் பத்திரிகையாளர்களுக்கு எளிதான வேலை. அழைப்பிதழ் வரும், இரு நகர முதல்வர்களும் கைகுலுக்கும் படம் கிடைக்கும், உரைகளின் பிரதிகள் தட்டச்சு செய்யப்பட்டுத் தயாராக இருக்கும். கிராண்ட்பாஸ் பக்கத்துப் பத்திரிகை அலுவலகமொன்றில் நீண்டகாலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கின்றேன்: இப்படிப்பட்ட படம் முன்பக்கத்திற்குப் போகும். குப்பை அள்ளும் லொறிகள் எங்கே போய்க் கொட்டுகின்றன என்ற செய்தி உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தியாக முடியும். அது எங்கள் தொழிலின் தராசு. உலகமெங்கும் அத்தராசு அப்படித்தான் சாய்கின்றது.

அந்த லொறிகளின் பாதையைத்தான் இனிப் பார்க்கவேண்டும்.

கொழும்பு நகரத்தின் குப்பை நெடுங்காலம் கொட்டாஞ்சேனைப் பக்கம் புளூமெண்டாலில் கொட்டப்பட்டது. அங்கே தமிழ் பேசும் ஏழைக் குடும்பங்கள் செறிந்து வாழ்கின்றன. மலைபோல் உயர்ந்த அம்மேட்டுக்கு எதிராக வழக்கு நடந்து, 2009இல் உயர் நீதிமன்றத்தின் தலையீட்டினால் அங்கு கொட்டுவது நிறுத்தப்பட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் குப்பை நீதிமன்றக் கட்டளைக்காக உற்பத்தியாவதை நிறுத்திவிடுமா? லொறிகள் பேஸ்லைன் வீதியைக் கடந்தன. ஒருகொடவத்தையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், கொலன்னாவையின் மீதொட்டமுல்லையில், தற்காலிக ஏற்பாடாக 2 ஏக்கர் நிலம் காட்டப்பட்டது. அங்கு கொலன்னாவை நகரசபை தன் சொந்தக் குப்பையை ஏற்கெனவே கொட்டி வந்திருந்தது. தற்காலிகம் என்ற சொல் இலங்கை நிர்வாகத்தில் எவ்வளவு நீளமானது என்பது வாசகர்களுக்குத் தெரியாததல்ல. 2 ஏக்கர் ஏறக்குறைய 20 ஏக்கராக விரிந்தது. குடியிருந்தவர்கள் ஊர்வலம் போனார்கள், மறியல் செய்தார்கள், மனுக் கொடுத்தார்கள். கொழும்பு மாநகரசபைக்கு வாக்களிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. ஆகவே கொழும்பின் சபை அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்படவில்லை. குப்பை எல்லையைக் கடந்தது, பொறுப்பு கடக்கவில்லை.

2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு தினம். வீடுகளில் பாற்சோறும் பலகாரமும் இருந்த பிற்பகலில் மேடு சரிந்தது. 32 பேர் உயிரிழந்தனர். காணாமற் போனவர்களும் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் சிதைந்தன. அந்த மாதத்திலேயே ஜப்பான் தன் நிபுணர் குழுவை அனுப்பியது. மேட்டின் சரிவு, உள்ளே ஊறிய நீர், வாயு எல்லாவற்றையும் அவர்கள் அளந்தார்கள். கடல் கடந்து நிபுணர்கள் சில நாட்களில் வந்துவிட்டார்கள். வீதியைக் கடந்து கொழும்பும் கொலன்னாவையும் ஒரு பொது ஏற்பாட்டுக்கு வர எட்டு ஆண்டுகள் போதவில்லை.

அதன் பின்னர் குப்பை இன்னும் தொலைவுக்குப் பயணமாயிற்று. புத்தளம் மாவட்டத்தில், வில்பத்துக் காட்டின் அருகே, சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழ்ந்தெடுத்த அருவக்காட்டில் குப்பை நிரப்பும் திட்டம். கொழும்பிலிருந்து சுமார் 170 கிலோமீற்றர். ஏற்கெனவே சீமெந்துத் தொழிற்சாலையின் தூசியையும் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் சாம்பலையும் சுமந்த மாவட்டம் அது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெருந்தொகையினர் தஞ்சமடைந்த மண்ணும் அதுவே. 2018, 2019ஆம் ஆண்டுகளில் புத்தளத்தில் நாட்கணக்கில் சத்தியாக்கிரகப் பந்தல்கள் நின்றன. அங்கே கேட்கப்பட்ட கேள்வி மிக எளியது: கொழும்பின் குப்பை ஏன் எங்களுக்கு? கழிவு நிரப்பும் இடத்தின் தொழில்நுட்பம் நவீனமானது என்று அதிகாரிகள் பதிலளித்தார்கள். அது கேள்விக்கான பதிலாகுமா? 2021இல் கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து 10 மெகாவாற் மின்சாரம் எடுக்கும் நிலையம் திறக்கப்பட்ட பின்னர் சுமை ஓரளவு குறைந்தது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிடவேண்டும்.

எல்லை கடந்த ஒத்துழைப்பு உண்மையில் பயன் தந்த ஒரு கதை நம் நாட்டிலேயே இருக்கின்றது. அது கொழும்பிலல்ல, மாத்தளையில் நடந்தது. அதன் ஊற்று வங்கதேசத் தலைநகர் டாக்கா. 1995இல் எனாயத்துல்லா, மக்சூத் சின்ஹா என்ற இரு நகரத் திட்டமிடலாளர்கள் அங்கே வேஸ்ட் கன்சேர்ன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். டாக்காவின் குப்பையில் பெரும்பகுதி சமையலறைக் கழிவு: ஈரமானது, எரியாதது, விரைவில் அழுகுவது. ஐரோப்பிய நகரங்களின் காகிதமும் பொதியுறையும் கலந்த உலர்ந்த குப்பைக்கென வடிவமைத்த பாரிய இயந்திரங்கள் இதற்கு ஒத்துவரவில்லை. ஆகவே அவர்கள் அயலிலேயே குப்பையைத் தரம் பிரித்து, அதைக் காற்றோட்டமாக அடுக்கி, பசளையாக்கி விற்கும் சிறிய நிலையங்களை அமைத்தார்கள். குப்பை பொறுக்கியவர்களே அங்கு சம்பளம் பெறும் தொழிலாளர்களாயினர்.

ஆசிய பசுபிக்கிற்கான ஐ.நா. பொருளாதார சமூக ஆணைக்குழு இம்முறையை வேறு நாடுகளின் சிறிய நகரங்களுக்குக் கொண்டுசெல்ல விரும்பியபோது தெரிவானவை இரண்டு: வியட்நாமின் கீ நோன், இலங்கையின் மாத்தளை. 2007இல் மாத்தளை மாநகரசபையும் செவநத்த என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து நாளொன்றுக்குச் சில தொன் குப்பையை மட்டும் கையாளும் ஒரு நிலையத்தைத் தொடங்கின. சில தொன்தானா என்று கேட்கலாம். அளவு சிறிதாக இருந்ததே அதன் பலம். தவறினால் திருத்தலாம், பழுதானால் ஊர்த் தச்சனும் இரும்பு வேலைக்காரனும் சரிசெய்துவிடலாம். வீட்டிலேயே கழிவைப் பிரிக்காவிட்டால் பசளை கெட்டுவிடும், கெட்ட பசளையை எந்த விவசாயியும் வாங்கமாட்டான். ஆகையால் மாநகரசபை வீடு வீடாகப் போய்ப் பேச நேர்ந்தது. என் கணிப்பில் டாக்காவிலிருந்து மாத்தளைக்கு வந்த மிகப் பெறுமதியான சரக்கு இந்தக் கட்டாயம்தான். பணக்கார நகரம் ஏழை நகரத்துக்குக் கொடுத்த தானமல்ல இது; ஒரேமாதிரியான குப்பை உள்ள இரண்டு ஊர்கள் ஒன்றிடமிருந்து மற்றது கற்றுக்கொண்டது.

ஜப்பானின் கித்தாகியூஷூவும் இந்தோனேசியாவின் சுராபாயாவும் இதற்கு இன்னொரு சான்று. கித்தாகியூஷூ ஒருகாலத்தில் தொழிற்சாலைப் புகையால் மூச்சுத் திணறிய நகரம். அதன் விரிகுடாவைச் செத்த கடல் என்று அழைத்தார்கள். பிள்ளைகளின் இருமல் கேட்டு எழுந்த தாய்மார் சங்கங்கள்தான் அங்கு முதலில் படிந்த கரியை அளந்து காட்டின. அந்நகரிலிருந்து 2004 அளவில் சுராபாயாவுக்குச் சென்ற தக்காக்குரா என்ற நிபுணர், அங்கே உள்ளூரில் கிடைக்கும் நொதிப் பொருட்களையும் ஒரு சாதாரணக் கூடையையும் கொண்டு வீட்டுக்குள்ளேயே பசளை செய்யும் முறையை உருவாக்கினார். ஆயிரக்கணக்கான கூடைகள் வீடுகளுக்குப் போயின. நகரத்தின் குப்பை கணிசமாகக் குறைந்தது.

கற்றுக்கொள்வதற்கு எதிர்மறையான பாடமும் கொள்கலனில் வந்தது. 2019இல் கொழும்புத் துறைமுகத்திலும் கட்டுநாயக்க வர்த்தக வலயத்திலும் பிரித்தானியாவிலிருந்து வந்த கழிவு நிறைந்த பெட்டிகள் கண்டுபிடிக்கப்பட்டன. பழைய மெத்தைகள் என்று அறிவிக்கப்பட்ட சரக்குக்குள் மருத்துவமனைக் கழிவும் இருந்ததாகச் சுங்கம் கூறியது. அபாயக் கழிவுகள் எல்லை கடப்பதைக் கட்டுப்படுத்தும் பாசல் சமவாயம் 1989இலேயே வந்துவிட்டது. ஆயினும் பெட்டிகள் வந்தன. சுற்றாடல் அமைப்பொன்று நீதிமன்றம் சென்றது. 2020 செப்டெம்பரில் முதல் 21 கொள்கலன்கள் திரும்பிப் போயின. 2022 பெப்ரவரியில் கடைசித் தொகுதி கப்பலேறியது. எல்லாமாக 263. புத்தளத்தார் கொழும்பைக் கேட்ட அதே கேள்வியை அப்போது கொழும்பு பிரித்தானியாவைக் கேட்டது. ஒரு வேறுபாடு: கொழும்பு கேட்டபோது பெட்டிகள் திரும்பிப் போயின.

நகரங்களைப் பற்றி இவ்வளவு சொன்னேன். மாகாணங்கள், மாநிலங்களின் கதை வேறு. 2022இல் இலங்கை வங்குரோத்தானபோது தமிழ்நாட்டு அரசு உதவ முன்வந்தது. ஏப்ரல் 29ஆம் திகதி சட்டசபை தீர்மானம் நிறைவேற்றியது; 40,000 தொன் அரிசி, 500 தொன் பால்மா, மருந்துகள் என்று அறிவிக்கப்பட்டன. மே 18ஆம் திகதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னையில் முதற் கப்பலை வழியனுப்பினார். இலங்கைத் தமிழ்த் தலைவர்கள், உதவி தமிழருக்கு மட்டுமென்றில்லாமல் நாட்டு மக்கள் அனைவருக்கும் கிடைக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டதை நான் பெருமையோடு குறித்து வைத்திருக்கின்றேன். ஆனால் மாநில அரசு நேரடியாக அனுப்ப முடியாது. மத்திய அரசின் அனுமதி வேண்டும். வெளிநாட்டு அலுவல்கள் டில்லியின் கையில். இலங்கையிலும் 13ஆவது திருத்தத்தின் கீழ் அது கொழும்பின் கையில்தான்.

அந்தச் சுவருக்குள் நின்றே வட மாகாணசபை சில ஜன்னல்களைத் திறக்க முயன்றது. 2016 ஒக்டோபரில் முதலமைச்சர் சி.வி. விக்னேஸ்வரன் லண்டனின் கிங்ஸ்ரனுக்குச் சென்றார். யாழ்ப்பாணத்துக்கும் கிங்ஸ்ரனுக்கும் இரட்டை நகர உடன்படிக்கை கைச்சாத்தானது. 2017 ஜனவரியில் கனடாவின் மார்க்கம் நகரத்துக்கும் முல்லைத்தீவுக்கும் நட்புறவு உடன்பாடு வந்தது. இரண்டு இடங்களிலும் புலம்பெயர்ந்த தமிழர் கணிசமாக வாழ்கின்றனர், வாக்களிக்கின்றனர், அங்குள்ள சபைகள் அதை அறியும். வேறெந்த சகோதர நகர உறவுக்கும் இப்படியொரு உயிருள்ள பாலம் கிடையாது. அப்படியிருந்தும் அந்தப் பாலத்தின் இக்கரையில் ஆள் நிற்கவேண்டுமே! வட மாகாணசபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின்னர் எந்த மாகாணத்துக்கும் தேர்தல் நடத்தப்படவில்லை. மாகாணங்கள் ஆளுநர்களின் கையில் இருக்கின்றன. உள்ளூராட்சி மன்றங்களும் 2023 மார்ச்சில் கலைந்து, 2025 மே மாதத் தேர்தல் வரை மக்கள் பிரதிநிதிகள் இல்லாமலே கிடந்தன. கிங்ஸ்ரனிலிருந்து ஒரு கடிதம் வந்தால், அதைத் தங்கள் வாக்காளரின் பெயரால் பிரித்துப் படிக்க அந்த இரண்டு ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் எவரும் இருக்கவில்லை.

இனி, முன்னர் விட்டுவைத்த களனிக்கு வருகின்றேன். அந்த ஆறு பிறக்கும் மஸ்கெலியா, நோர்வூட் பகுதிகளில் வாழ்பவர்கள் பெரும்பாலும் தோட்டத் தமிழர்கள். மண்டபத்தில் காத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேசசபைகள் சட்டத்தில் 33ஆவது பிரிவு என்றொன்று இருந்தது. அது தோட்ட எல்லைக்குள் பிரதேசசபை தன் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்ட மக்கள் அந்தச் சபைக்கு வாக்களிக்கலாம், உறுப்பினராகலாம், தவிசாளராகவும் வரலாம். ஆனால் தம் லயத்துக்கு ஒரு பாதையோ கானோ குப்பை வண்டியோ கேட்டால் சட்டம் இடம் கொடுக்காது. மேலே லயன்களின் கழிவுநீர் வழிந்தோட வழியின்றி ஓடையில் கலந்து, அந்த ஓடை ஆற்றில் கலந்து, அந்த ஆறு அம்பத்தலைக்கு வந்து கொழும்பின் குழாயில் ஏறியது. 30 ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்த அப்பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. உலகத்துடன் உடன்படிக்கை செய்த கொழும்பின் எந்த அறிக்கையிலும் 33ஆவது பிரிவைத் தன் குடிநீரின் பிரச்சினையாக எழுதியதாக நான் வாசித்ததில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைக் கரைத்தது. மண்சரிவில் லயன்கள் புதைந்தன. அங்கே பெய்த மழை களனியில் இறங்கி, கொலன்னாவையையும் வெல்லம்பிட்டியையும் மூழ்கடித்தது. 2016 மே வெள்ளத்தைக் கண்டவர்கள் அதே வீடுகளின் கூரைகளில் மறுபடியும் ஏறினார்கள். அந்நாட்களில் ஒருகொடவத்தையிலும் சேதவத்தையிலும் இருந்த எல்லோருடைய வாயிலும் ஒரே பெயர்தான்: நாகலகம் வீதி. களனியின் நீர்மட்டத்தைக் காட்டும் அளவுகோல் அங்கே நிற்கின்றது. அது கொழும்பு மாநகர எல்லைக்குள் இருக்கின்றது. அதன் இலக்கத்தைப் பார்த்துத் துணிமணிகளை மூட்டை கட்டியவர்களில் பெரும்பாலானோர் எல்லைக்கு வெளியே, கொலன்னாவைப் பக்கம் வசிப்பவர்கள்.